பேரை மாத்தினா படம் மாறிடுமா?

"ஃபோட்டோஷாப்ல சேவ் பண்ணேன், கரப்ட் ஆயிடுச்சு, டெலிட் பண்ணிட்டேன்!" எத்தனை நல்ல படங்கள் இப்படிச் செத்திருக்கின்றன!

மக்களே, பிஎஸ்டி ஃபைலின் எக்ஸ்டென்ஷனை ஜேபிஜி என்று மாற்றினால் திறக்காதுதான். ஆட்டோவில் பஸ் நம்பர் எழுதினால் பஸ் ஆகிவிடுமா? நோட்பேடில் திறந்து பாருங்கள், சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள். முதல் எழுத்துகள் "8பிபிஎஸ்" என்றால் அது பிஎஸ்டி. பழைய பெயரைக் கொடுங்கள், திறக்கும். ஜேபிஜி வேண்டுமா? "சேவ் எ காப்பி" எதற்கு இருக்கிறது?

கீழ்ப்பாதி சாம்பலாகத் தெரிந்தால் அது நிஜமான சேதம். பெரும்பாலும் காப்பி பாதியில் நின்றிருக்கும். வந்து சேராத பைட்டுகளை எந்த ரிப்பேர் மென்பொருளும் கொண்டுவராது. காசைக் கரியாக்காமல் மறுபடி காப்பி எடுங்கள்.

எக்ஸ்டென்ஷனை ஒளித்துவைக்கும் விண்டோஸைத் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் பார்க்காமலேயே "கரப்ட்" என்று ஒரிஜினலை அழிப்பது... அநியாயம்!