அரிப்புக்குக் காரணம் கத்திரிக்காயா, மாத்திரையா?

உடம்பில் அரிப்பு, தடிப்பு வந்தால் ஊர்ப்பக்கம் முதலில் மாட்டிக்கொள்வது கத்திரிக்காயும் கருவாடும்தான். அடுத்தது 'உடம்புச் சூடு'. பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியில் இன்னொரு குற்றவாளியும் உண்டு: சாயம். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, சாயத்தில் முக்கி எடுப்பவர்களுக்குக் கை அரிப்பது புதிதல்ல. ஆனால் அது பெரும்பாலும் கையோடு நிற்கும்.

நெஞ்சு, முதுகு, வயிறு என்று பரவினால்? சில நாள் முன்பு காய்ச்சலுக்கு விழுங்கிய ஆன்டிபயாடிக்கையும் சந்தேகப்பட வேண்டும்.

மாத்திரை போட்ட உடனே வந்தால்தான் அலர்ஜி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அம்மை மாதிரியான சிவப்புத் தடிப்பு, மாத்திரையை ஆரம்பித்து 4 முதல் 14 நாட்களுக்குள் வரலாம். சிலருக்கு ஒரே இடத்தில் கருந்திட்டு விழும். அதே மருந்தை மறுபடி போட்டால் அதே இடத்தில் மறுபடி கிளம்பும். கோட்ரைமாக்சசோல் போன்ற சல்பா மருந்துகள் இதற்குப் பிரசித்தம்.

சரி, எந்த மாத்திரை? இங்கேதான் சிக்கல். தறியை விட்டு இறங்கினால் அன்றைய கூலி போச்சு. அதனால் மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று கேட்டு, கத்தரித்த அட்டைத் துண்டாக வாங்கி வருகிறார்கள். பெயரும் இல்லை, பில்லும் இல்லை. டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது. அவற்றில் முக்கியமான பலவற்றை நோயாளியின் பெயரோடு பதிவேட்டில் எழுதவேண்டும் என்று 2014 மார்ச் முதல் 'எச்1' விதியே இருக்கிறது. யார் கேட்கிறார்கள்?

பெயர் தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். ஒத்துக்கொள்ளாத மருந்தே வேறு பிராண்டில் திரும்ப வரும். அடுத்த முறை வெறும் அரிப்போடு போகாமலும் இருக்கலாம். இல்லையென்றால், வைரஸ் காய்ச்சலில் வந்த தடிப்புக்கு மாத்திரையைக் குற்றம் சொல்லி, "பென்சிலின் ஒத்துக்காது" என்று ஆயுளுக்கும் முத்திரை விழும். அப்படி முத்திரை விழுந்தவர்களைப் பரிசோதித்தால் 10 பேரில் 9 பேருக்கு அலர்ஜியே இருப்பதில்லை.

ஆகவே, அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். மாத்திரையின் பெயர், ஆரம்பித்த நாள், தடிப்பு வந்த நாள் மூன்றையும் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பொதுமக்களும் தகவல் சொல்லலாம். மூச்சுத் திணறல், முகவீக்கம், வாய்ப்புண், தோல் உரிதல் என்றால் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒரு புடவைக்கு எத்தனை இழை, எந்தச் சாயம் என்று கணக்கு வைத்திருக்கிற ஊர் அது. விழுங்குகிற மாத்திரையின் பெயரை எழுதி வைப்பது பெரிய வேலையா என்ன?