டர்போ போச்சு, சரி. எதனால போச்சு?

"டர்போ போச்சு சார், புது அசெம்பிளிதான் போடணும்." டீசல் கார் வைத்திருக்கும் பாண்டிக்காரர்கள் பலரும் கேட்டு நொந்துபோன வசனம் இது. சொன்னவர் அந்த டர்போவைக் கழற்றிப் பார்த்தாரா? பல நேரம் இல்லை. வண்டி அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறத் திணறுகிறது, பின்னால் கரும்புகை வருகிறது, அவ்வளவுதான் சாட்சியம். போஸ்ட்மார்ட்டம் பண்ணாமலே டெத் சர்டிபிகேட்! இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மெக்கானிக்கல் படிக்காத மக்களுக்கு ரெண்டு வரி. என்ஜினில் இருந்து வரும் புகை முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வந்து சேர்கிறது. அதோடு மாட்டியிருப்பதுதான் டர்போ. வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். ஓசியில் போகிற புகையில் வேலை வாங்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்து என்ஜினியர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். சின்ன கார்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை கூடப் போகும். பெரும்பாலான கார்களில் அதைத் தாங்கிப் பிடிப்பது மயிரிழையை விட மெல்லிய ஆயில் படலம்தான்.

அதனால் டர்போ தானாகச் சாவது அபூர்வம். அதைக் கொல்கிறார்கள். மாற்றாமல் விட்ட பழைய ஆயில், கரி அடைத்த ஆயில் பைப், ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போன தூசி, இவைதான் வழக்கமான கொலையாளிகள். ஈ.சி.ஆரில் விரட்டிக்கொண்டு வந்து நின்ற நொடியே சாவியைத் திருப்பும் நம்ம ஆட்களுக்கும் இதில் பங்கு உண்டு. அந்தச் சூட்டில் ஆயில் அங்கேயே வெந்து கரியாகிறது. ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டால் என்ன குறைந்துவிடும்?

கொலையாளியைப் பிடிக்காமல் பிணத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? டூரிஸ்ட் கார் ஓட்டும் என் மாமாவுக்கு ஆனதுதான். ஒரு சர்வீஸ் சென்டரில் (பெயர் வேண்டாம்) கடன் வாங்கிப் புது டர்போ போட்டார். நாலே மாதத்தில் நீலப்புகை, விசில் சத்தம். போய்க் கேட்டால், "ஆயில் ஒழுங்கா போகல சார், இது வாரன்டில வராது" என்று பதில். அடப்பாவிகளா! ஆயில் போகாததுதான் காரணம் என்று இப்போது தெரிகிற உங்களுக்கு முதல் தடவை அது தெரியாமல் போனது எப்படி? பணம் வாங்கும்போது தேடாத காரணம், பணம் தர வேண்டிய நேரத்தில் மட்டும் கண்ணில் படுகிறது.

கடைசியில் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பட்டறை அண்ணன்தான் டர்போவையும் மேனிஃபோல்டையும் கழற்றினார். நம்ம ஊரில் இது லேசான வேலை இல்லை. சைலன்சர் பக்கத்து நட்டுகள் சூட்டில் வெந்தே இறுகும். கடல் உப்புக்காற்றும் சேர்ந்தால் துரு விடவே விடாது. முரட்டுத்தனமாகத் திருப்பினால் ஸ்டட் முறியும். சிலிண்டர் ஹெட்டுக்குள் முறிந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும், செலவு இரட்டிப்பு. அவர் முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிட்டார். காலையில் ஒரு நட்டை எடுத்த எடுப்பில் கழற்றாமல், துளி இறுக்கி, துளி தளர்த்தி, மறுபடி இறுக்கிக் கழற்றினார். அசையாததற்கு மட்டும் கேஸ் வைத்துச் சூடு. திறந்த ஓட்டைகளைத் துணியால் அடைத்தார், ஒரு நட் உள்ளே விழுந்தாலும் கதை முடிந்தது என்பதால். மேனிஃபோல்டின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து வளைவு, விரிசல் பார்த்தார். பிறகு ஆயில் பைப்பை மாமாவிடம் நீட்டினார்: "ஊதிப் பாருண்ணே." காற்று போகவில்லை. ரெண்டு டர்போவைக் கொன்றது அந்தக் குட்டிப் பைப்!

இதைவிடக் கொடுமை, டர்போவுக்கு ஒன்றுமே ஆகாமல் பழி சுமப்பது. இன்டர்கூலர் ரப்பர் ஹோஸ் கிழிந்தாலும் இழுவை போகும், கரும்புகை வரும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் குழாய் கழன்றாலும் இழுவை போகும். சில நூறு ரூபாய்க் குழாய்க்குப் பல ஆயிரம் ரூபாய்த் தண்டனை.

"வெளியில ரிப்பேர் பண்ணா நம்ப முடியாது, பேலன்ஸ் போயிடும்" என்பார்கள். இதில் பாதி உண்மை. உள்ளே இருக்கும் சுழலும் பகுதியைக் கையால் சேர்த்து மாட்ட முடியாது, மெஷினில் வைத்துத்தான் பேலன்ஸ் பண்ண வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கான கடைகள் இருக்கின்றன, அந்தப் பகுதியை மட்டும் மாற்றவும் பல மாடல்களில் வழி உண்டு. டர்போ ஒன்றும் வானத்தில் இருந்து குதித்ததும் இல்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பையனூரிலேயே டர்போ தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. கொடுப்பதற்கு வழி இருக்கிறது, மனசுதான் இல்லை.

நான் மட்டும் புலம்பவில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குற்றம்? உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க விடாமல் செய்தது. வெளியில் கொடுத்தாலே வாரன்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்குக் குழு அமைத்தபோதும் வாகனங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆணை டெல்லியில் இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்கும் அண்ணன் கையில் மேனுவல் மட்டும் இன்னும் இல்லை.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் சொல்லவில்லை. சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவரும், பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைக்கிறவரும், டர்போவுக்குள் ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் பண்ணிப் புது பேரிங்கை முதல் நிமிஷமே தேய்க்கிறவரும் உண்டு. ஏசி ரூமில் நடந்தாலும் மரத்தடியில் நடந்தாலும் தப்பு தப்புதான்.

ஆகவே மக்களே, யாராவது "டர்போ போச்சு" என்றால் மூன்றே கேள்வி கேளுங்கள். ஹோஸையும் வேக்குவம் குழாயையும் பார்த்தீர்களா? கழற்றிய பழைய டர்போவை என் கையில் தருவீர்களா? அது எதனால் செத்தது என்று பில்லில் எழுதித் தருவீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் காசைக் கொடுங்கள். இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இழுவை குறைந்த வண்டிதான், மெதுவாகப் போனால் அடுத்த பட்டறை வரை தாங்கும் :-)