கோப்பில் வைக்கவேண்டிய வீடு

கட்டடக்கலை கற்க விரும்பும் பிள்ளைகள், பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் நேர்முகத் தேர்வுக்குத் தமது வரைபடக் கோப்புடனேயே செல்லவேண்டும். நம்மவர் பலர் ஒளிப்படம் பார்த்துப் பிரதிசெய்த தேவாலயங்களையே அதில் அடுக்குகின்றனர். தேர்வாளர் நாடுவது அதுவன்று. பிள்ளை எதைக் கவனித்தது, ஏன் அவ்வாறு வரைந்தது என்றே வினவுவர். அழித்துத் திருத்திய முதற் கீறல்களையும் எறிந்துவிடாதீர்கள்.

என் மகள், யாழ்ப்பாணத்தில் நாம் இழந்த நாற்சார் வீட்டை அம்மம்மாவிடம் கேட்டுக் கேட்டு வரைந்தாள். (நடுமுற்றத்தைத் தம் கட்டடங்களிற் போற்றிய ஜெப்ரி பாவாவும் லண்டனிற் பயின்று 1957இல் தகுதிபெற்றவரே.) முற்றத்து மழைநீர் எவ்வழி வடிந்தது, வெயில் எந்த விறாந்தையில் எப்போது விழுந்தது என அவள் குறித்தவை பற்றியே பெரும்பாலும் வினவினர். கிணற்றடி மட்டும் வெறுமையாயிருந்தது. காரணம் கேட்டனர். அம்மம்மாவுக்கு அதன் திசை மறந்துவிட்டது என்றாள்.