ஓசையின்றித் தளரும் இதயம்



முதல் வெள்ளிதோறும் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் பதினான்கு வயதுச் சிறுவனைச் சந்திப்பது வழக்கம். ஐந்து வயதில் அடிக்கடி விழுந்தவன்; எழுவதற்குத் தன் தொடைகளையே கையூன்றி ஏறியவன்; பத்து வயதில் நடை நின்றது. 19ஆம் நூற்றாண்டில் அதனை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் துஷேனின் பெயரால் வழங்கும் தசைநலிவு நோய் அது. சில மாதங்களுக்கு முன் அவன் தாயார், "சாமி, பையனுக்குச் சோறு இறங்கவில்லை, வயிறு வலிக்கிறது என்கிறான், இரவில் தூக்கமும் இல்லை" என்றார். சீரகக் கஷாயம் கொடுப்பதாகவும் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அது என் அறியாமை. பின்னர் பார்த்த மருத்துவர் வயிற்றை விட்டு இதயத்தை எக்கோ எடுக்கச் சொன்னார். அதன் விசை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

இதயமும் தசைதானே! தசை சுருங்கி விரிகையில் சிதையாமல் காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம், 1987இல் அடையாளம் காணப்பட்டது, இப்பிள்ளைகளின் உடலில் உருவாவதில்லை. ஆகவே கால்களுக்கு நேர்ந்தது காலப்போக்கில் இதயத்துக்கும் நேர்கிறது. நமக்கு இதயம் தளர்ந்தால் படியேறும்போது மூச்சு வாங்கிக் காட்டிக்கொடுக்கும். நாற்காலியை விட்டு அசையாத பிள்ளைக்கு ஏது படி? பசியின்மை, வாந்தி, வயிற்றுவலி, உறக்கமின்மை என்று வேறு வேடத்தில்தான் அது வெளிப்படுகிறது.

எனவே குறை எதுவும் தோன்றாவிடினும், நோய் அறிந்த நாள்முதல் ஆண்டுக்கொருமுறை எக்கோவும் ஈ.சி.ஜி.யும் எடுக்கவேண்டும். பிரான்சில் இதயம் நன்றாயிருந்த 57 சிறுவரில் 28 பேருக்குப் பெரிண்டோப்ரில் மாத்திரையை உடனே தொடங்கினர். 29 பேருக்கு மூன்றாண்டு கழித்தே கொடுத்தனர். பத்தாண்டு முடிவில் முதற்பிரிவில் 26 பேரும் மற்றதில் 19 பேரும் உயிருடன் இருந்தனர். 2007இல் வெளியான முடிவு இது. பத்து வயதளவில் இத்தகைய மருந்தைத் தொடங்குவது பற்றி மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அறுவைச் சிகிச்சை எதுவாயினும் மயக்க மருந்துக்கு முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவற்றுள் சில இவர்களின் இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

தாயாரைப் பற்றியும் சொல்லவேண்டும். இக்குறை பெரும்பாலும் தாய்வழி மரபணுவில் வருவது. சிலரிடம் புதிதாகவும் தோன்றும். "யார் செய்த பாவமோ" என்று ஊரார் கேட்கிறார்கள். பிறவிக் குருடனைக் கண்டு சீடர் கேட்டதும் அதுவே. ஆண்டவர் சொன்ன மறுமொழியை நீங்கள் கோவிலில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அக்குறையைத் தாங்கும் தாயின் இதயமும் தளரக்கூடும் என்பதைப் பலர் அறியார். நாளுக்குப் பலமுறை மகனைத் தூக்கும் பெண், தன் மூச்சிரைப்பை வெறும் களைப்பென்றே எண்ணுவாள்.

பையன் இப்போது மாத்திரை உட்கொள்கிறான், ஓரளவு உண்கிறான். "திராட்சை வெட்டு முடியட்டும் சாமி" என்று தாயார் தம் பரிசோதனையைத் தள்ளிக்கொண்டே வந்தார். வரும் செவ்வாயன்று க.விலக்கு அரசு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்கிறோம். அன்று பகலில் பையனைப் புரட்டிப் படுக்கவைக்க நம் பங்கின் இளைஞர் இருவர் ஒப்புக்கொண்டுள்ளனர்.