புதையலைக் காப்பது பூதமா? புரட்டா?



நமது விளாங்குடிப் பக்கத்தில் ஒரு சங்கதி அடிபடுகிறது. ஒரு குடியானவர் புஞ்சையில் ஏழு கொப்பரை பொன் புதைந்திருக்கிறதாம். அதைப் பூதம் காக்கிறதாம். வெற்றிலையில் மை தடவிப் பார்த்த மந்திரவாதி அதை நேரிலேயே கண்டுவிட்டாராம்! முதல் பூசைக்குக் குடியானவர் சம்சாரத்தின் தாலிக்கொடி போயிற்று. இரண்டாம் பூசைக்குச் சேவலும் கிடாயும் போயின. இப்போது பூதம் வேறு பலி கேட்கிறதாம். என்ன பலியென்று மந்திரவாதி வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டில் தலைச்சன் பிள்ளை யார் என்று மாத்திரம் விசாரித்திருக்கிறார்!

இந்தப் பைத்தியக்காரத்தனம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. அயர்லாந்து தேசத்தில் லெப்ரகான் என்றொரு குள்ளப் பூதம் உண்டென்பார்கள். அது செருப்புத் தைக்குமாம், பானைப் பொன்னை ஒளித்து வைத்திருக்குமாம், பிடித்து அதட்டினால் இடத்தைச் சொல்லுமாம், கண்ணெடுத்தால் மறைந்துவிடுமாம். கேட்கச் சிரிப்பாய்த்தானிருக்கிறது. ஆனால் அதே தேசத்தில், டிப்பரேரி ஜில்லாவில், 1895-ல் பிரிட்ஜெட் கிளியரி என்ற பெண் நோயாய்ப் படுத்தபோது, “இவள் என் பெண்சாதியல்ல, பூதங்கள் மாற்றிவைத்த வேறொருத்தி” என்று சொல்லிப் புருஷனே அவளை எரித்தான். கோர்ட்டார் அவனுக்கு 20 வருஷ தண்டனை விதித்தார்கள். செத்தவள் திரும்பி வந்தாளா?

படித்தவர்கள் ஏமாறமாட்டார்களென்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள் 1917-ல் தேவதைகளைப் படம் பிடித்ததாகச் சொன்னார்கள். துப்பறியும் கதைகளால் பேர்பெற்ற கானன் டாயில் அதை நம்பி 1922-ல் புஸ்தகமே போட்டார். அவை வெட்டியெடுத்த காகிதப் பொம்மைகளே என்று 1983-ல் அவர்களே, கிழவிகளான பிறகு, ஒப்புக்கொண்டார்கள்!

நிற்க. பாங்கி இல்லாத காலத்தில் மனிதன் கள்ளனுக்கும் படைக்கும் பயந்து பொன்னை மண்ணில் புதைத்தான். புதைத்தவன் சொல்லாமல் செத்தான். பிறகு ஏரிலோ மண்வெட்டியிலோ அது அகப்பட்டது. இதில் பூதத்துக்கு என்ன வேலை? 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்லுகிறது. உரியவர் இல்லையென்று தீர்ந்து, வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால், எடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு என்கிறது. பூதத்துக்கோ மந்திரவாதிக்கோ அதில் அரைக்கால் பங்குகூடக் கிடையாது!

ஆகவே, குடியானத் தோழரே! பட்டப்பகலில், ஊரார் பார்க்க, நீரே தோண்டிப்பாரும். பொன் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதும். கிடைக்காவிட்டால் குழியில் தென்னம்பிள்ளை நடும். மந்திரவாதி மறுபடி பலியென்று வாய் திறந்தால் போலீசுக்குச் சொல்லும். தலைச்சன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும். உம்முடைய வீட்டுப் புதையல் அதுதான்.