வண்டியில் குடியிருந்தால் கோடைக்கு எங்கே நிறுத்துவது?

போன வாரம் வகுப்பில் ஒரு வெட்டிப்பேச்சு. படிப்பு முடிந்ததும் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஒரு வருஷம் அதிலேயே ஊர் சுற்ற வேண்டும் என்று நண்பன் ஒருவன் திட்டம் போட்டான். எல்லாம் யூடியூப் செய்கிற வேலை. "சரிடா, மே மாசம் வண்டிய எங்க நிறுத்துவ?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, "ஊட்டி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காரணம், எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருபது வருஷத்துக்கு மேலாக வண்டியில்தான் பாதி வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருக்கிறார். லாரி ஓட்டும் என் மாமா. அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

முதலில் நண்பனுக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் செஞ்சி. கோட்டைக்காக ஒரு முறையாவது வந்திருப்பீர்கள், அல்லது திருவண்ணாமலைக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், யாரோ உருண்டைக் கற்களைக் கொட்டி வைத்த மாதிரி. பார்க்க அழகுதான். ஆனால் இந்தக் கருங்கல் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவில் மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். மே மாதம் இரவு எட்டு மணிக்குப் பாறையில் கை வைத்துப் பாருங்கள், புரியும். வண்டியில் குடியிருக்க நினைப்பவர் கோடையில் தேர்ந்தெடுக்கவே கூடாத ஊர் என்று ஒரு பட்டியல் போட்டால் எங்கள் ஊருக்கு அதில் கௌரவமான இடம் உண்டு. :-)

தப்பிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மேலே போவது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. செஞ்சியில் 40 என்றால் சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏலகிரியில் 34, 1500 மீட்டரில் இருக்கும் ஏற்காட்டில் 31 என்று வரும். எங்களுக்குப் பக்கத்து மலை ஜவ்வாது. திருவண்ணாமலை, போளூர் தாண்டினால் ஏற்றம் ஆரம்பம். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் 725 மீட்டர் உயரம். நாலு டிகிரியாவது மிச்சம்.

நண்பன் சொன்ன ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். ஆனால் அங்கே நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. கூட்டம் தாங்காமல், உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவந்தார்கள். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6000 வண்டி, வார இறுதியில் 8000 வண்டி என்று எண்ணிக்கையே கட்டினார்கள். ஆக, எல்லோருக்கும் குளிரான இடம் ஒன்றேதான், அந்த இடமும் நிரம்பிவிட்டது.

இரண்டாவது வழி, கடல். செஞ்சியிலிருந்து கிழக்கே போனால் திண்டிவனம், அதைத் தாண்டி மரக்காணம். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பினால் வெயில் சட்டென்று அடங்கும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. உள்ளே நனைந்த துணி மாதிரி கிடக்க வேண்டியதுதான். வண்டிக் கூரையில் ஈரச் சாக்கு போடும் பழைய வித்தை செஞ்சி மாதிரி வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்யும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கடற்கரையில் அதற்கு அவ்வளவு பலன் இல்லை.

ஜூன் பிறந்துவிட்டால் கதை வேறு. தென்மேற்குக் காற்று மலைக் கணவாய்கள் வழியாக இந்தப் பக்கம் புகும். பொள்ளாச்சிப் பக்கமும், தென்காசி, குற்றாலப் பக்கமும் சாரலும் மேகமுமாக இருக்கும். ஆகவே நண்பா, ஏப்ரல், மே ஏலகிரி அல்லது ஜவ்வாது, ஜூன், ஜூலை தென்காசி. உன் கேள்விக்குப் பதில் முடிந்தது.

நிற்க.

இந்தப் பதில் யாருக்கு? எங்கு வேண்டுமானாலும் நகரக்கூடியவனுக்கு. ஆனால் நிஜமாகவே வண்டியில் வாழ்கிறவர்கள் யார் என்று எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும். லோடு இறக்கக் காத்திருக்கும் லாரிக்காரர்கள். நெல் அறுக்கும் சீசனில் அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராக வந்து, அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்பவர்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கும், அமாவாசைக்கு மேல்மலையனூருக்கும் போகிற வழியில் வேனை ஓரங்கட்டித் தூங்குபவர்கள். எல்லாரையும் விட, போர் லாரிக்காரர்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. அவர்களுக்குக் கோடைதான் சீசன். கிணறு வற்றினால்தானே ஆழ்துளைக் கிணறு தோண்டக் கூப்பிடுவார்கள்? நாமெல்லாம் எந்த ஊரில் தண்ணீர் இல்லையோ அந்த ஊரை விட்டு ஓடுவோம். அவர்கள் அந்த ஊரைத் தேடிப் போய், மாதக்கணக்கில் வண்டியோடு கிடப்பார்கள்.

இவர்களுக்கு ஊட்டியும் இல்லை, ஏலகிரியும் இல்லை. எந்த ஊர் என்பதை லோடு முடிவு செய்துவிடுகிறது. இவர்கள் கையில் இருப்பது, அந்த ஊருக்குள் எந்த இடம் என்ற சின்னத் தேர்வு மட்டும்தான்.

இரண்டு வருஷம் முன்பு கோடை விடுமுறையில் மாமாவோடு லாரியில் நாலு நாள் போனேன். முதல் நாளே ஒரு ஹோட்டலைக் காட்டி, "மாமா, இங்க நிறுத்தலாம், நல்லா கீது" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "கடைய பாத்து வண்டிய போடாதடா மாப்ள, மரத்த பாத்து போடு" என்றார். அந்த நாலு நாளில் அவரிடம் கற்றதை, நான் படித்ததோடு சேர்த்துச் சொல்கிறேன்.

1. சுவர் நிழலை நம்பாதே. செஞ்சி இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12¼ டிகிரியில். ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் சரியாக நம் தலைக்கு நேர் மேலே. அப்போது சுவரின் நிழல் சுவர் காலடியிலேயே விழுந்துவிடும். அந்த நேரத்தில் நிழல் தருவது தலைக்கு மேல் கூரையாக நிற்கும் மரம் மட்டும்தான்.

2. மரத்துக்குக் கிழக்கே நிறுத்து. மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் வண்டி அடுப்பாகும் நேரம். அப்போது வெயில் மேற்கிலிருந்து வரும், நிழல் கிழக்கே நீளும்.

3. எல்லா மரமும் மரம் இல்லை. புளி, வேம்பு, புங்கன் உத்தமம். தென்னைக்குக் கீழே நிறுத்தினால் நிழலும் கிடைக்காது, கண்ணாடியும் மிஞ்சாது. புளியமரத்தடியில் ராத்திரி படுத்தால் பேய் பிடிக்கும் என்று எங்கள் பாட்டி சொல்லும். மாமாவிடம் கேட்டேன். "டீசல் வாடைக்கு எந்தப் பேயும் கிட்ட வராது" என்றார்.

4. தார், சிமெண்ட், பாறை மூன்றுக்கும் தள்ளி, மண் தரையில் நிறுத்து. ஏரிக்கரைப் பக்கம் என்றால் இன்னும் நல்லது, காற்று வரும். கொசுவும் வரும், அது வேறு விஷயம்.

5. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும் என்று நினைக்காதே. நிறுத்திய காரின் உட்புற வெப்பத்தை அளந்து அமெரிக்காவில் 2005-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணியிலேயே. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்ததால் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையை "ரெண்டு நிமிஷம்" காரில் விட்டுப் போகிறவர்கள் இதைத் தயவுசெய்து மனப்பாடம் செய்யவும்.

6. எவ்வளவு குளுகுளுவென்று இருந்தாலும் லாரிக்கு அடியில் படுக்காதே. தூங்குகிறவனை வண்டி எடுக்கிறவனுக்குத் தெரியாது. இதைச் சொல்லும்போது மட்டும் மாமா சிரிக்கவில்லை.

"இப்பதான் லாரியிலேயே ஏசி வந்தாச்சே" என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. நல்ல விதி, ரொம்பத் தாமதமாக வந்த விதி. ஆனால் அது புது வண்டிக்கு. சாலையில் ஓடும் பழைய வண்டிகளுக்கு இல்லை. அதைவிட முக்கியம், அந்த ஏசி இன்ஜின் ஓடினால்தான் ஓடும். ஓட்டும்போது குளிரும், தூங்கும்போது டீசலா தூக்கமா என்று கணக்குப் போட வேண்டும். இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு மூடிய வண்டிக்குள் தூங்குவது ஆபத்தும்கூட. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எழுப்பாமலே கொன்றுவிடும்.

ஆக, சுற்றிச் சுற்றி மரத்துக்குத்தான் வருகிறோம். அந்த மரம் எங்கே?

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகக் கிருஷ்ணகிரி போகும் சாலையை அகலப்படுத்தியபோது, ஓரத்தில் நின்ற பெரிய புளியமரங்கள் போய்விட்டன. சாலை நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் மாமாவுக்கு இந்த வழியில் நிறுத்தத் தெரிந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. அந்த நாலு நாள் பயணத்தில் ஒரு மதியம், ஒரு பெட்ரோல் பங்கின் ஓரம் நின்ற ஒற்றை வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டோம். இரவு முழுக்க ஓட்டிவிட்டு வந்த மனிதர், கண் அசந்து பத்து நிமிஷம் இருக்காது. தட்டி எழுப்பி, "இங்க நிறுத்தக் கூடாது, எடு" என்றார்கள். மாமா ஒரு வார்த்தை பேசாமல் எடுத்தார். அடுத்த மரம் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டே ஓட்டினார். நான் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன், அவர் தூங்கிவிடக் கூடாது என்று. நிழல் என்பது சொகுசு இல்லை, எதிரே வருகிற பஸ்ஸில் இருப்பவர்களின் உயிரும் அதில்தான் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இப்போது எங்கள் ஊருக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், மீதி ஒன்று செஞ்சி. இனி கூட்டம் வரும், வண்டி வரும், பார்க்கிங் வரும். பார்க்கிங் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான்: இருக்கும் மரத்தை வெட்டி, சிமெண்ட் போட்டு, ஒரு தகரக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பது. பாறைக்குப் பக்கத்தில் இன்னொரு பாறை.

நான் கேட்பது இதுதான். ஊருக்கு வெளியே, மண் தரையில், புங்கனும் வேம்பும் வரிசையாக நட்டு, ஒரு நிறுத்துமிடம். குடிதண்ணீர், கழிப்பறை, குளிக்க ஒரு தொட்டி. சுற்றுலா வேனும் நிற்கட்டும், போர் லாரியும் நிற்கட்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நாலு லட்சம் நிவாரணம் உண்டு. நல்லது. ஆனால் செத்த பிறகு கொடுக்கும் நாலு லட்சத்தில் எத்தனை புங்கங்கன்று வாங்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

"லாரிக்காரங்கள விட்டா குப்பை போடுவாங்க, குடிப்பாங்க" என்பார்கள். கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் இல்லாத இடத்தில் யார் நின்றாலும் அப்படித்தான் ஆகும். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் சாலையோரத்தைப் பார்த்தவர்கள் லாரிக்காரர்களை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இது புது யோசனையும் இல்லை. ராணி மங்கம்மாள் சாலை போட்டார், சத்திரம் கட்டினார், மரம் நட்டார் என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். முந்நூறு வருஷம் முன்பு மாட்டுவண்டிக்குக் கிடைத்தது, இன்றைக்குப் பத்துச் சக்கர லாரிக்குக் கிடைக்கவில்லை என்றால் நாம் என்ன படித்தோம்?

கோடைக்கு வசதியான இடம் என்பது தேடிக் கண்டுபிடிப்பது இல்லை. முப்பது, நாற்பது வருஷம் முன்பு யாரோ ஒருவர் நட்டு வைத்தது. நாம் அதன் கீழே வண்டியைப் போட்டுவிட்டு, நல்ல இடம் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

வேன் வாங்கப்போகும் நண்பனுக்கு ஒரு வார்த்தை. தாராளமாக வாங்கு. ஏலகிரிக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொள். ஆனால் கிளம்புகிற அன்றைக்குச் செஞ்சியில் ஒரு புங்கங்கன்று நட்டுவிட்டுப் போகலாம். தண்ணீர் ஊற்றுவது மாமா வீட்டுப் பொறுப்பு.

உங்கள் ஊர் வழியில் லாரி நிற்க நல்ல மரம் எங்கே இருக்கிறது? தெரிந்தால் சொல்லுங்கள். மாமாவிடம் சேர்த்துவிடுகிறேன்.