சுழற்ற ஒன்று, சட்டைப்பைக்கு வேறொன்று



பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், பையன் பட்டர்ஃபிளை கத்தி வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். சுத்திப் பழகவும் ஆச்சு, எப்பவும் பாக்கெட்ல வெச்சுக்கவும் ஆச்சுங்கறான். எது நல்லது?" இன்னும் இரண்டு மூன்று வீடுகளிலும் இதே பேச்சு ஓடுகிறதாம். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், கேட்ட பையனைத் திட்டாதீர்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் 2014-லேயே இந்தக் கத்தி வந்துவிட்டது. அங்கிருந்து யூடியூப். அவன் பார்த்தது சண்டையை அல்ல, விரல் வித்தையை. விரல் வித்தைக்கு நம் பக்கம் எப்போதும் மரியாதை உண்டு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கி வந்தது நம் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமாதானே!

இந்தக் கத்தியின் ஊர்ப் பெயர் பாலிசாங். பிலிப்பைன்ஸில் பத்தாங்காஸ் மாகாணத்துக்காரர்கள் இதற்குப் பேர் போனவர்கள். ஒரு பிளேடு, இரண்டு கைப்பிடி. இரண்டும் தனித்தனி அச்சில் அரை வட்டமாகத் திரும்பும். மூடினால் பிளேடு இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும். ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை வீசினால் மீதியை நிலைமம் பார்த்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் நான் தொண்டை வறளக் கத்திய அதே நிலைமம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "சுத்தவும் ஆச்சு, வெச்சுக்கவும் ஆச்சு" என்பதில்தான் கோளாறு. சுழற்ற வேண்டுமென்றால் கைப்பிடி நீளமாக, எடை சமமாகப் பரவி இருக்க வேண்டும். கூர் இருக்கவே கூடாது. மூடும் கொக்கியும் இடைஞ்சல், சுழலும்போது பிளேடில் அடிக்கும் என்று பலர் கழற்றிவிடுவார்கள். பாக்கெட்டில் வைக்கும் கத்தியோ சின்னதாக, கனமில்லாமல், கூராக, தானாகத் திறக்காதபடி பூட்டோடு இருக்க வேண்டும். ஒன்றுக்கு வேண்டியது மற்றதற்கு ஆகாது. இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று வாங்கினால் இரண்டிலும் ஏமாற்றம்தான்.

சுழற்ற ஆசையா? ட்ரெய்னர் வாங்குங்கள். கத்தியின் அதே உருவம், அதே எடை, ஆனால் கூர் கிடையாது. வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, அச்சில் ரிவிட் அடித்ததா, ஸ்க்ரூ போட்டதா? ரிவிட் தளர்ந்தால் இறுக்க வழியில்லை. ஸ்க்ரூ போட்டதையே வாங்குங்கள். அதுவும் சுழற்றச் சுழற்றக் கழலும். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை டூவீலர் மெக்கானிக்கிடம் இருக்கும், ஒரு துளி போதும்.

இரண்டு, அச்சில் வாஷரா, பேரிங்கா? பேரிங் வழுவழுவென்று ஓடும், விலை கூடும். பழகுகிறவனுக்கு நல்ல வாஷரே போதும்.

மூன்று, ஆட்டம். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால் திருப்பி அனுப்புங்கள்.

நான்கு, எடை. 100 கிராமை ஒட்டி இருந்தால் கைக்குப் பழகும். தகரம் மாதிரி லேசாக இருந்தால் சுழற்சியே வராது.

பழகும்போது ஒன்று. அசல் கத்தியில் கூர்ப்பக்கம் வந்து மூடும் கைப்பிடியைப் பிடித்தால் விரல் போகும். முதுகுப்பக்கம் மூடுவதுதான் பத்திரமான கைப்பிடி. ட்ரெய்னரிலும் பத்திரமான பக்கத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி, அதையே பிடித்துப் பழகட்டும். காலில் செருப்பு இருக்கட்டும். கீழே பாய் விரித்துக்கொள்ளட்டும், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். கூர் இல்லாவிட்டாலும் விரல் முட்டியில் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும்!

"ட்ரெய்னர்னா டம்மி சார்" என்று பையன் முகம் சுளிப்பான். சார்பட்டா பரம்பரையும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் மோதிய மண்ணில் பிறந்தவனிடம் கேளுங்கள்: கையுறை மாட்டிக்கொண்டு ரிங்கில் இறங்கியவர்கள் டம்மியா? கையுறை இருந்ததால்தான் அது குத்துச்சண்டை. இல்லாவிட்டால் தெருச்சண்டை.

அடுத்து பாக்கெட் விவகாரம். நம் பகுதியில் கத்தி இல்லாத தொழில் குறைவு. காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்கள், படகில் கயிறு அறுக்கிறவர்கள், எண்ணூர்ப் பக்கம் கேபிள் தோல் உரிக்கும் எலக்ட்ரீஷியன்கள், எல்லாரிடமும் கத்தி உண்டு. ஆனால் அது வேலை நடக்கும் இடத்தில் இருக்கும். கல்யாண வீட்டுக்கு யாரும் எடுத்துப் போவதில்லை. பார்சல் பிரிக்க, நூல் அறுக்க என்றால் கடையில் கிடைக்கும் பேப்பர் கட்டரே போதும்.

"ஒன்பது அங்குலத்துக்குக் கீழே இருந்தா சட்டப்படி ஓகே சார்" என்பது பையன்களின் அடுத்த வாதம். பாதி உண்மை. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள 2016 விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயம், தொழில், அறிவியல் உபயோகத்துக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் டெல்லியில் 1980-லேயே தனி அறிவிப்பு போட்டு, பொத்தான் கத்திகளை 3 அங்குல அளவிலேயே கட்டுப்படுத்தினார்கள். ஆக, 9 அங்குலம் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் பாஸ் அல்ல. பாலிசாங்கின் சொந்த நாடான பிலிப்பைன்ஸிலேயே, பிழைப்புக்கோ வேறு நியாயமான வேலைக்கோ தேவை இல்லாமல் கத்தியை வெளியே எடுத்துப்போவது 1978 முதல் குற்றம். லண்டனில் இருக்கும் சொந்தங்களே, அங்கே 2021 முதல் பட்டர்ஃபிளை கத்தியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பரிசாகக் கூட யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

சட்டப் புத்தகத்தை விட எனக்குப் பெரிய கவலை வேறு. ரூட் தல தகராறு, பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் வீடியோ என்று பேப்பரில் வரும்போதெல்லாம் வாகனச் சோதனை கூடுகிறது. விம்கோ நகர் வரை வந்துவிட்ட மெட்ரோவில் ஏற வேண்டுமென்றால் பையை ஸ்கேனரில் போட வேண்டும். அதே கத்தி அடையாறுப் பையன் பையில் இருந்தால் "ஏம்பா, இது எதுக்கு?" என்ற கேள்வியோடு போகலாம். ராயபுரம், தண்டையார்பேட்டை என்று முகவரி சொல்கிறவனிடம் அந்தக் கேள்வியே வேறு குரலில் வரும். சினிமாக்காரர்கள் நம் கையில் கத்தியைக் கொடுத்துக் கொடுத்து ஊரையே நம்ப வைத்துவிட்டார்கள். இது அநியாயம். நாற்பது வருஷத்துக்கு மேல் இங்கே பிள்ளைகளோடு இருந்தவன், இங்கே எத்தனை பேர் பேனாவும் ஸ்பேனரும் பிடித்து முன்னேறினார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அநியாயம் என்று தெரிவதால் மட்டும் கேஸ் நின்றுவிடாது.

ஒரு கேஸ் விழுந்தால் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் போகப் பாஸ் வேண்டும். கப்பலுக்குப் போகப் பாஸ்போர்ட் வேண்டும், அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. அப்பா கிரேனிலும் கன்டெய்னரிலும் முதுகு ஒடிந்து படிக்க வைத்த படிப்பு, விளையாட்டுக்கு வைத்திருந்த ஒரு கத்தியால் ஸ்டேஷன் வாசலில் நிற்கக் கூடாது.

என் கருத்து இதுதான். ட்ரெய்னர் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அது வீட்டிலேயே இருக்கட்டும். வெளியே எடுத்துப்போனால் கூர் இல்லை என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வரை எதிரே நிற்பவர் காத்திருக்க மாட்டார். ரீல்ஸ் போட ஆசைப்பட்டால் ட்ரெய்னர் என்று எழுதிப் போடட்டும், முகத்துக்கு நேரே நீட்டும் போஸ் வேண்டாம். கூர் உள்ளது வேண்டவே வேண்டாம். பாக்கெட்டில் வைக்க, செய்யும் வேலை எதைக் கேட்கிறதோ அந்தக் கருவி மட்டும்.

நம் மாணவர்களில் போலீஸிலும் வக்கீல் தொழிலிலும் இருப்பவர்கள் உண்டு. நடைமுறை எப்படி என்று நீங்கள் கமெண்டில் சொன்னால் எல்லாருக்கும் உதவும். ட்ரெய்னர் சுழற்றத் தெரிந்த பொடியன்கள் வீடியோ அனுப்புங்கள், பார்த்து மார்க் போடுகிறேன். செருப்புப் போடாமல் சுழற்றினால் பத்து மார்க் கட்!

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்